பேரப்பிள்ளையிடம் தமிழில் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள்

மலேசியாவின் பினாங்கில் ஸ்பீச் தெரபிஸ்டாக (பேச்சுப் பயிற்சியாளராக) வேலை செய்கிறேன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால் என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வருவது பெரும்பாலும் பாட்டிமார்கள்தான்.

அப்படி வந்த ஒரு பாட்டி (யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பேரனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. ஆட்டிசமோ என்று சந்தேகம், அதாவது மற்றவர்களோடு பேசிப் பழகுவதும் சத்தத்தைத் தாங்குவதும் பிறவியிலேயே வேறு விதமாக இருக்கும் வளர்ச்சி நிலை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான், சபைக்கூடலில் வரிசையில் நிற்க முடியவில்லை, "எல்லாரும் புத்தகத்தை எடுங்க" என்றால் அது தனக்கும் சேர்த்துச் சொன்னது என்று அவனுக்குப் படுவதில்லை. "வாயை மூடு" என்று சொன்னதற்கு இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டானாம், கேலி செய்கிறான் என்று அதற்கும் திட்டு.

ஏன் அவனிடம் பேசுவதில்லை என்று கேட்டேன். "எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர். மூணு பாஷை கேட்டுத்தான் புள்ளைக்குக் குழப்பம், வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார். ஆறு மாதமாக அந்த வீட்டில் பாட்டியும் பேரனும் சைகையில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இது தவறான ஆலோசனை. பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழி கேட்டு வளர்பவர்கள், ஒரே மொழி கேட்பவர்களைவிட அதனால் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் தன்னோடு அதிக நேரம் இருக்கிற ஆள் வாயே திறக்காவிட்டால் பிள்ளைக்கு நிச்சயம் நஷ்டம்தான். உங்களுக்கு எந்த மொழி சரளமாக வருமோ அதில் பேசுங்கள். முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே விஷயம்: "நேரமாச்சு பாரு" என்றால் அவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான், "சப்பாத்து போடு" என்றால் போடுவான். சொல்லிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். அந்தப் பத்து விநாடிதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

ஆட்டிசமா இல்லையா என்பதைக் குழந்தை மருத்துவரோ குழந்தைகள் மனநல மருத்துவரோதான் சொல்ல வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஒரு கேள்வித்தாளை வைத்துப் பார்ப்பார்கள். அப்போது ஒன்றும் தெரியாத சில பிள்ளைகளுக்கு, சத்தமும் கூட்டமும் விதிகளும் ஒரேயடியாக வந்து விழுகிற ஒன்றாம் ஆண்டில்தான் சிரமம் வெளியே தெரியும். 7 வயதிலும் அதே கிளினிக்குக்குப் போய்க் கடிதம் வாங்கி மருத்துவமனைக்குப் போகலாம்.

போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். பள்ளியில் காலை முழுக்க அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டு வாசலில் கால் வைத்ததும் பையைத் தூக்கி எறிந்து தரையில் புரண்டு அழுகிற பிள்ளைகள் உண்டு, ஆசிரியர் "வகுப்பில் நல்லாத்தானே இருக்கான்" என்பார், மாலையில் வரும் பெற்றோர் பார்க்கும்போது பிள்ளை அடங்கியிருப்பான், நடுவில் நடந்ததைப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். அழுகைக்கு முன்னால் என்ன நடந்தது, என்ன சத்தம் இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதில் அடங்கியது என்று இரண்டு வாரம் எழுதுங்கள், தமிழிலேயே. மருத்துவருக்கு அதைவிட உதவியான தகவல் குறைவு. அந்த நேரத்தில் கேள்வி வேண்டாம், "இன்னிக்கு என்ன படிச்சே" கூட வேண்டாம். விசிறி, தண்ணீர், அரை மணி நேரம் அமைதி போதும்.

சமூக நல இலாகாவின் ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) என்றதும் பல குடும்பங்கள் பயப்படுகின்றன. அதை நெற்றியில் ஒட்டப்போவதில்லை. ஆட்டிசம் அதில் கற்றல் சிக்கல் என்ற பிரிவில் வருகிறது, தேவையான உதவிகளைக் கேட்க அது வழி திறக்கும். மருமகள் போனைக் கொடுத்ததால்தான் இப்படி ஆச்சு என்ற பேச்சையும் தயவுசெய்து விடுங்கள், அந்தப் பெண் ஏற்கெனவே தூங்காமல் இருக்கிறாள்.

அன்றைக்கு அந்தப் பையன் பினாங்கு ஃபெரி ஒன்றை வரைந்துகொண்டிருந்தான், அந்த ஃபெரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. தமிழில் ஏதாவது கேளுங்கள் என்றேன். பாட்டி தயங்கித் தயங்கி, "இது தெலுக் கம்பியாப்பா?" என்றார். பத்து விநாடிக்கு மேலேயே ஆனது. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "கம்பி இல்ல பாட்டி. தெலுக் கும்பார்."