கண் மஞ்சளாகும் முன் 28 நாள்

மதுரை செல்லூரில் என் அக்கா மகனுக்குக் காமாலை என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அக்காதான். துவைக்க எடுத்த அவனுடைய வெள்ளை ஜட்டியில் மஞ்சள் கறை. மூன்று நாளாகக் காய்ச்சல், சோற்றைக் கண்டாலே ஓங்கரிப்பு. ஒன்பது வயதுப் பையனை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்திருக்கிறாள். விழியின் வெள்ளை எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்திருக்கிறது. போன் போட்டதும் கேட்டாள்: “நேத்து கடைப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன்டா, அதனாலயா?”

நேற்றைய பரோட்டாவுக்கும் இன்றைய மஞ்சளுக்கும் சம்பந்தமே இல்லை. குழந்தைகளுக்கு வரும் காமாலையில் அடிக்கடி காரணமாக இருப்பது ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ். அது வாய்க்குள் போன நாளிலிருந்து நோய் தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி 28. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீரின் விளைவு, பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில்தான் கண்ணில் தெரியும்.

அந்த நான்கு வாரம் வைரஸ் சும்மா இருப்பதில்லை. இதன் ஓடு கெட்டியானது. இரைப்பையின் அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. கையில் தடவும் சானிடைசருக்கும் எளிதில் மசியாது. சோப்புப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். குடலிலிருந்து ரத்தம் வழியாக ஈரலுக்குப் போய், ஈரல் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. ஆனால் செல்லை உடைப்பதில்லை. செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வருகிறது. 2013-இல்தான் இந்தப் போர்வை தெரியவந்தது. ரத்தத்தில் அந்தப் போர்வையோடு திரியும். பித்த நாளத்தில் இறங்கினால் எண்ணெயைச் சோப்பு கரைப்பதுபோலப் பித்தநீர் போர்வையைக் கரைத்துவிடும். கெட்டி ஓட்டோடு மலத்தில் வெளியேறி அடுத்த வாய்க்குக் காத்திருக்கும். மலத்தில் வைரஸ் மிக அதிகமாகப் போவது மஞ்சள் தெரிவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். அப்போது பையன் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான்.

பிறகுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது. நம் வெள்ளணுக்கள் வைரஸ் புகுந்த ஈரல் செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கின்றன. ஈரல் அழற்சி என்பது பெரும்பாலும் இந்தச் சண்டைதான். சாகிற செல்லுக்குள் இருந்த நொதிகள் ரத்தத்தில் கொட்டுகின்றன. அவற்றில் ஒன்றான, சாதாரணமாக 40-க்குள் இருக்கும் எஸ்.ஜி.பி.டி. ஆயிரங்களுக்கு ஏறுவது அதனால்தான்.

மஞ்சளின் கதை வேறு. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் கழிவு உண்டாகிறது. ஈரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் தருவதே அதுதான். ஈரல் வீங்கினால் இந்த வழி அடைபட்டு, பிலிரூபின் ரத்தத்துக்கே திரும்புகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுவதால் மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் போகிறது. மலம் களிமண்ணாக வெளுக்கிறது.

அக்காவின் மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வைத்துவிட்டார். அந்தச் செடியை அறிவியல் தீண்டாமல் விட்டுவிடவில்லை. ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெப்படைட்டிஸ் பி-யைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஏ வைரஸோ, எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். அதனால் எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்குப் பெயர் கிடைக்கிறது. கீழாநெல்லியை விட என்னைப் பயமுறுத்துவது, காமாலைக்கு நல்லதென்று ஐஸ் போட்டு வாங்கித் தரும் ரோட்டோரக் கரும்புச்சாறும், மந்திரிக்கப் போய் வீணாகும் நாட்களும்தான்.

ஏனென்றால் மிகச் சில பிள்ளைகளுக்கு ஈரல் மொத்தமாகப் படுத்துவிடும். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுக் குழறுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிவது, வாந்தி நிற்காமல் போவது: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்வது ஈரல். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு கூடிக்கொண்டே போகும்போது எஸ்.ஜி.பி.டி. இறங்கினால் நிம்மதி அடையக்கூடாது. கொட்டுவதற்குச் செல்லே மிச்சமில்லை என்றுகூட அதற்கு அர்த்தம் இருக்கலாம். காய்ச்சல் மாத்திரையையும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது. அளவு மீறினால் பாராசிட்டமாலே ஈரலைத் தாக்கும்.

இந்த வைரஸ் தண்ணீருக்குள் எப்படி வருகிறது? குழாய்த் தண்ணீர் சுத்திகரித்துத்தான் கிளம்புகிறது. ஆனால் விட்டு விட்டு வரும் ஊரில், தண்ணீர் நின்ற குழாய் வெறுமையாகக் கிடக்கும். பக்கத்தில் சாக்கடை ஓடி, குழாயில் கீறலும் இருந்தால், சாக்கடைக் கசிவைக் குழாய் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தெருவில் அந்தக் குழாயில் மாட்டிய அடிபம்பை அடிக்க அடிக்க அந்த உறிஞ்சல் கூடும். முதல் குடத்தைக் கீழே ஊற்றுவது போதாது. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால்தான் வைரஸ் சாகும்.

அக்காவிடம் நான் அன்று கேட்டது பையனைப் பற்றி அல்ல, மூன்று வயதுச் சின்னவளைப் பற்றி. ஆறு வயதுக்குக் கீழே தொற்று வந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கண் மஞ்சளாகாமலே வீடு முழுக்கப் பரப்புவார்கள். நம் பாட்டிமார் காலத்தில் பலருக்கும் அந்த வயதிலேயே தெரியாமல் வந்து போய், ஆயுளுக்கும் எதிர்ப்புசக்தி தங்கிவிட்டது. வீடும் தெருவும் சுத்தமாக ஆக, முதல் தொற்று தள்ளிப்போய்ப் பெரிய வயதில் வருகிறது. பெரிய வயதில்தான் மஞ்சளும் கடுமையும் அதிகம். இதற்குத் தடுப்பூசி உண்டு, ஒரு வயது முடிந்தால் போடலாம். பி-க்கான ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஏ-க்குக் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. தொற்றுள்ளவரோடு பழகி இரண்டு வாரத்துக்குள் போட்டாலும் காப்பாற்றும்.

அன்று சாயங்காலமே சின்னவளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டாள் அக்கா. அடுத்த 50 நாளும் தினம் காலையில் வாசல் வெளிச்சத்தில் அவள் இமையை இறக்கிப் பார்த்தாள்.