மரம் இல்லை என்பதெல்லாம் ஒரு தகுதியா?

துவக்குத் திருத்துவது என் தொழில். இந்த நவம்பரில் ஸ்டொக் மாற்றிய பிறகு என்னிடம் திருத்த வந்ததில் இது நாலாவது துவக்கு. மேசையில் வைத்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டொக் (குழலைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை), பெட்டியில் இருந்து எடுத்த மணம்கூட இன்னும் போகவில்லை. கொண்டுவந்த தம்பி மூன்று வருடமாக ஒன்ராறியோக் காடுகளுக்கு மான் வேட்டைக்குப் போகிறவர். பாதுகாப்புப் பயிற்சி, துவக்கு லைசென்ஸ், வேட்டை அட்டை எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பவர். துவக்கு ரெமிங்டன் 700, .308 தோட்டா, மேலே குறிபார்க்கும் ஸ்கோப். போன மாதம் வரை மரக்கட்டையில் இருந்தது.

“அண்ணை, ஸ்கோப் பழுதாப் போச்சுப் போல. ரேஞ்சில நூறு யார்டில நடுவிலதான் பட்டது. காட்டில மானுக்கு வயித்தில பட்டிட்டுது. இருட்டுமட்டும் ரத்தத்தைப் பாத்துப் பாத்துத் தேடினம். கிடைக்கேல்லை.”

“ஸ்டொக் எப்ப மாத்தினனீங்கள்?”

“ஒக்டோபரில. ஆனா அது சிந்தெட்டிக் அண்ணை. அதால ஒண்டும் வராது.”

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டைப்பையில் இருந்து ஒரு ஐந்து டொலர் நோட்டை எடுத்தேன். (கனடா நோட்டு பொலிமர் ஆனதில் என்னைப்போல் சந்தோஷப்பட்டவர் இருக்க முடியாது. நனையாது, லேசில் கிழியாது.) குழலுக்கும் ஸ்டொக்கின் முன்பகுதிக்கும் இடையில் அதை நுழைத்து இழுத்தேன். ஆக்‌ஷன் (தோட்டா ஏறி வெடிக்கும் உலோகப் பகுதி) வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டும் தொடவில்லை என்று அர்த்தம். தம்பியின் முகத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் துவக்கைத் தூக்கி, முன்பகுதியின் நுனியைப் பெருவிரலால் மட்டும் அழுத்தினேன். நோட்டு இறுகி நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை.

ஒரு பெருவிரல், அவ்வளவுதான். ரேஞ்சில் அவர் மணல்பையை ஆக்‌ஷனுக்குக் கிட்ட வைத்துச் சுட்டிருக்கிறார். காட்டில் ஒரு கிளையில் முன்நுனியை ஊன்றி, துவக்கின் தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துச் சுட்டிருக்கிறார். பிளாஸ்டிக் வளைந்து குழலைத் தொட்டது. சுடும்போது அதிரும் குழலை எது தொட்டாலும் குண்டு படும் இடம் மாறும். ஸ்கோப்பில் ஒரு பிழையும் இல்லை.

சிந்தெட்டிக் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: அது மரம் இல்லை. உறுதி, பாரக் குறைவு, குறி தவறாமை எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அச்சில் உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக்கும் சிந்தெட்டிக்தான். கையால் அடுக்கடுக்காகப் போட்ட பைபர்கிளாஸும் சிந்தெட்டிக்தான். கார்பன் பைபரும் அப்படித்தான். நூற்றுச்சொச்ச டொலருக்கு வருவது முதல் வகை. முன்பகுதி உள்ளே கோறையாக, குறுக்கே சில தட்டிகளோடு இருக்கும். குழலைக் கழற்றி உள்ளே பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒருவரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

“அமெரிக்க மரைன் படையே மரத்தைக் கைவிட்டது” என்று எனக்கு வகுப்பு எடுக்கிறவர்களும் உண்டு. உண்மைதான். வியட்நாமின் ஈரத்தில் அவர்களுடைய M40 ஸ்னைப்பர் துவக்குகளின் மரக்கட்டை ஊதி முறுக்கிக்கொண்டது. 1970களில் வந்த M40A1க்கு மக்மில்லன் பைபர்கிளாஸ் ஸ்டொக் போட்டார்கள். போட்டவர்கள் படையின் கைதேர்ந்த ஆயுதத் தொழிலாளர்கள், ஒவ்வொன்றையும் இறுகிக் கெட்டியாகும் எபொக்சிப் பிசினில் படியவைத்துத்தான் போட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லி நீங்கள் வாங்குவது அந்தச் சாமான் இல்லையே!

பிளாஸ்டிக் எல்லாமே குப்பை என்றும் நான் சொல்லவில்லை. டிக்கா T3x, ரூகர் அமெரிக்கன் இரண்டும் அச்சு பிளாஸ்டிக்கோடுதான் கடைக்கு வருகின்றன, நன்றாகச் சுடுகின்றன. அந்தத் துவக்குகளே அந்த ஸ்டொக்குக்காகத் திட்டமிடப்பட்டவை. ரூகரில் ஆக்‌ஷன் வந்து அமர உலோகத் துண்டுகளை உள்ளேயே பதித்திருக்கிறார்கள். அது கையில் இருந்தால் பேசாமல் வேட்டைக்குப் போங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், உள்ளே அலுமினியக் கட்டை பதித்த எச்-எஸ் பிரிசிஷன், பெல் அண்ட் கார்ல்சன் கம்பனிகளின் ஸ்டொக் மாதிரி ஒன்றுக்குக் காசு சேருங்கள். என்னுடைய சொந்தத் துவக்கு மெல்லிய மர அடுக்குகளைப் பிசினில் ஒட்டிய லமினேட் மரத்தில் இருக்கிறது. பாரம்தான், ஆனால் அசையாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு பவுண்டுத் துவக்கை ஆறரை ஆக்கினால், அதே தோட்டாவுக்கு உதைப்பின் சக்தி கிட்டத்தட்ட கால்பங்கு கூடும். ஸ்டொக்கின் நீளத்தையும் பாருங்கள். எங்கள் ஆட்கள் பலர் ஐந்தடி ஐந்து, ஆறு அங்குலம். கடையில் டீஷேர்ட்டோடு தோளில் வைத்துப் பார்த்து “நல்லா இருக்கு” என்பார்கள். நவம்பரில் தடித்த ஜக்கெட்டுக்கு மேல் வைக்கும்போது அதே ஸ்டொக் ஒரு அங்குலம் நீண்டுவிட்டதுபோல் இருக்கும். தோளில் சரியாக அமராது, கழுத்தை நீட்டி ஸ்கோப்புக்குக் கிட்டப் போவீர்கள், உதைக்கும்போது ஸ்கோப் புருவத்தில் அடிக்கும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு வருகிறவர்களிடம் நான் காரணம் கேட்பதே இல்லை. குளிர் உடுப்போடு போய்த் தோளில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ரெமிங்டன் 700 என்று போட்டிருந்தால் எல்லாம் பொருந்தும் என்பது அடுத்த நம்பிக்கை. 1962இல் வந்த மொடல், அதற்கு ஸ்டொக் செய்யாத கம்பனியைத் தேடத்தான் வேண்டும். ஆனால் .308க்குக் குட்டை ஆக்‌ஷன், .30-06க்கு நீள ஆக்‌ஷன். தோட்டா வைக்கும் மகசினுக்குக் கீழே திறக்கும் மூடி உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு வேறு. தடித்த குழலுக்கு வேறு பள்ளம். பொருந்தவில்லை என்றதும் அரத்தை எடுக்கிற கை இருக்கிறதே, அதை நான் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

அந்த நாலில் ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஸ்டொக்கின் உள்விளிம்பு ட்ரிகரில் உரசிக்கொண்டு இருந்தது. இழுத்துவிட்டால் ட்ரிகர் முழுதாகத் திரும்பவில்லை, பாதியில் நின்றது. அந்த மனிதர் அதே துவக்கோடு இரண்டு நண்பர்களுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் நடந்திருக்கிறார்.

ஸ்டொக்கை மாற்றியவர்கள் இன்றைக்கே செய்யுங்கள். தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், இரண்டு தரம். போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தண்டு) பலமாக அடித்து மூடுங்கள். சேப்டியை (வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டு ட்ரிகரை இழுங்கள், விடுங்கள், பிறகு சேப்டியை எடுங்கள். ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வந்தாலே அந்தத் துவக்கு காட்டுக்குப் போகக்கூடாது. போல்ட்டை மூடும்போது முன்பு இல்லாத இறுக்கம் தெரிந்தால், துவக்கை ஸ்டொக்கோடு பூட்டும் முன் ஸ்க்ரூ நீளம் கூடிப்போய் போல்ட்டில் முட்டக்கூடும். பலாத்காரம் பண்ணாதீர்கள், கொண்டுவாருங்கள்.

ஸ்க்ரூவைக் கைபோன போக்கில் முறுக்கவும் வேண்டாம். அலுமினியக் கட்டையோ குழாயோ பதித்த ஸ்டொக் என்றால் ரெமிங்டனுக்கு 65 இன்ச்-பவுண்டு வழக்கம். வெறும் பிளாஸ்டிக்கை அவ்வளவு இறுக்கினால் அது நசுங்கும், நசுங்கினது தளரும், திரும்ப இறுக்குவீர்கள், திரும்ப நசுங்கும். ஸ்டொக் செய்தவர் தாளில் கொடுத்த எண்ணைப் பார்த்து, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

வீடியோ பார்த்து எபொக்சி ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு சொல். மலிவு பிளாஸ்டிக் பலவற்றில் எபொக்சி பிடிக்காது. நல்ல தோசைக்கல்லில் தோசை கழன்று வருவதுபோல் முழுசாகக் கழன்று கையில் வரும். பைபர்கிளாஸில் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஒட்டாமல் இருக்க உலோகத்துக்கு மெழுகு பூச மறந்த ஒருவர் ஸ்டொக்கும் ஆக்‌ஷனும் ஒன்றாகிப்போன துவக்கோடு என்னிடம் வந்தார். மீன் வைக்கும் ப்ரீசரில் ஒரு இரவு வைத்துத்தான் பிரித்தேன்.

மழையில் போய்வந்தால் கழற்றித் துடையுங்கள். பிளாஸ்டிக் ஊறாது, சரி. குழல் இரும்பு தானே? அந்தப் பள்ளத்துக்குள் தேங்கிய தண்ணீர் அதை அடியில் இருந்து தின்னும், மேலே பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும்.

காட்டில் எப்படிப் பிடித்துச் சுடுவீர்களோ, ரேஞ்சிலும் அப்படியே பிடித்துச் சுட்டுப் பாருங்கள். பிழை தெரிந்தால் ஓகஸ்ட், செப்டம்பரிலேயே கொண்டுவாருங்கள். சீசனுக்கு முதல் நாள் இரவு போன் பண்ணாதீர்கள், நான் எடுக்கமாட்டேன்.

தம்பியின் பழைய மரக்கட்டை அவருடைய நிலவறையில்தான் கிடந்தது. கொண்டுவரச் சொல்லி, உள்பக்கம் முழுக்க வார்னிஷ் பூசி ஈரத்தை அடைத்து, ஆக்‌ஷன் அமரும் இடத்துக்கு எபொக்சி போட்டுக் கொடுத்தேன். புதியதைக் கடைக்குத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டார். ஸ்க்ரூ இறங்கின துளையைச் சுற்றி வட்டமாக நசுங்கி வெளுத்திருந்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.