பேட் கேட்டால் பேட்கேட் வருவது ஏன்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: "அண்ணா, டெபியனில் 'ஆப்ட் இன்ஸ்டால் பேட்' என்று அடித்தேன். ஒரு பிழையும் இல்லாமல் நிறுவி முடித்தது. ஆனால் 'பேட்' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. தோழி சொன்னாளே என்று 'பேட்கேட்' அடித்தேன், வேலை செய்கிறது. பெயரை ஏன் இப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள்?"

டெபியன் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை, 'ஆப்ட்' அதில் நிரல்களை நிறுவும் கட்டளை. இந்தக் கேள்விக்குப் பின்னால் லினக்ஸ் உலகத்தின் அழகான ஒரு ஏற்பாடு இருக்கிறது.

பேட் என்பது கோப்பில் இருப்பதை வண்ணத்தோடும் வரி எண்ணோடும் காட்டும் சின்ன நிரல். ஆனால் அது பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே டெபியனில் இன்னொரு பேட் இருந்தது. பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளின் நிர்வாகக் கருவி அது. 'பாக்குலா அட்மினிஸ்ட்ரேஷன் டூல்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பேட். இரண்டு பேர், இரண்டு ஊர், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள்.

கடலூர் - புதுச்சேரி சாலையில் முள்ளோடை எல்லையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரே நான்கு இலக்க எண்ணோடு இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துப் போனாலும் குழப்பமில்லை. ஒன்றில் டி.என். 31 என்று இருக்கும், மற்றதில் பி.ஒய். 01 என்று இருக்கும். லினக்ஸில் கட்டளைகள் குடியிருக்கும் '/யூஎஸ்ஆர்/பின்' அடைவில் (ஃபோல்டரில்) இந்த முன்னொட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான நிரல்கள் ஒரே கூடத்தில், வெறும் பெயரோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான்.

மாணவியைக் குழப்பியது இன்னொன்று. இங்கே பெயர்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. நிரலின் கோப்புகளைக் கட்டித் தரும் பொட்டலமான பேக்கேஜின் பெயர் ஒன்று, அதற்குள் இருக்கும் கோப்பின் பெயர் வேறொன்று. பாக்குலாவின் கருவி வேறு பெயருள்ள பேக்கேஜுக்குள் வருவதால், 'பேட்' என்ற பேக்கேஜ் பெயர் காலியாக இருந்தது. புது நிரல் அதை எடுத்துக்கொண்டது. கோப்புப் பெயர்தான் காலியில்லை. அதனால் நிறுவும்போது பேட், கூப்பிடும்போது பேட்கேட்.

சரி, பெயரை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

டெபியனில் பேக்கேஜைப் பிரித்து அடுக்கும் வேலையைச் செய்வது டிபிகேஜி. அதனிடம் ஒரு வீட்டுக் கணக்கு உண்டு. நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பட்டியல்: இந்தக் கோப்புகளெல்லாம் இவருடையவை. புது பேக்கேஜ் வந்ததும் அந்தப் பட்டியல்களையெல்லாம் படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு கோப்பாக எடுத்து, 'இந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா?' என்று பார்க்கிறது. இல்லையென்றால் கோப்பை அதன் சொந்தப் பெயரில் வைத்துவிடாது. பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-நியூ' என்று ஒரு வால் ஒட்டி, பக்கத்தில் வைக்கிறது. முழுக் கோப்பும் வட்டில் பத்திரமாக எழுதப்பட்ட பிறகுதான் வாலை வெட்டி உண்மையான பெயரைக் கொடுக்கிறது.

இந்தப் பெயர் மாற்றம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரே அடியாக நடக்கும் செயல். பாதி மாறியது, மீதி மாறவில்லை என்ற நிலையே அதில் இல்லை. நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் அந்தப் பெயரில் பழைய கோப்பு முழுசாக இருக்கும், அல்லது புதுக் கோப்பு முழுசாக இருக்கும். மின்வெட்டோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

அந்த இடத்தில் வேறொரு பேக்கேஜின் கோப்பு இருந்தால்? டிபிகேஜி அங்கேயே நின்றுவிடும். 'இன்னாருடைய கோப்பின் மேல் எழுதப் பார்க்கிறாய்' என்று பெயர் சொல்லி மறுத்துவிட்டு, அதுவரை வைத்ததை எல்லாம் திரும்ப எடுத்து, பழையபடி ஆக்கிவிடும். இருப்பவரைத் தள்ளிவிட்டு வருகிறவருக்கு இடம் கொடுப்பது அதன் வழக்கமில்லை.

இயந்திரம் மறுப்பது வரைக்கும்தான் செய்யும். யார் பெயரை விட்டுக்கொடுப்பது என்பதை மனிதர்கள்தான் பேசி முடிக்க வேண்டும். அதற்கு டெபியன் கொள்கையில் ஒரு விதி இருக்கிறது. வேறு வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே கோப்புப் பெயரில் இருக்கக் கூடாது. பராமரிப்பாளர்கள் கலந்து பேசி, யாராவது ஒருவர் பெயரை மாற்ற வேண்டும். உடன்பாடு வராவிட்டால் இரண்டு பேருமே மாற்ற வேண்டும்! இரண்டில் ஒன்றை மட்டும் நிறுவிக்கொள் என்று பயனரிடம் தள்ளிவிடுவதும் சரியான வழியல்ல. இரண்டும் வேண்டும் என்கிறவர் எங்கோ இருப்பார்.

இதன் பெரிய சோதனை 'நோட்' என்ற பெயருக்கு நடந்தது. டெபியனில் நோட் என்று வெகுகாலமாக ஒரு நிரல் இருந்தது. ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்கள், அலைவரிசை வழியாகக் கணினிகளை இணைக்கப் பயன்படுத்துவது. 2009-இல் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்ட் மொழி நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் உருவாக்கினார். உலகமெங்கும் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் முதல் வரியிலேயே 'நோட்' என்று கூப்பிட ஆரம்பித்தன.

இதில் ஒரு நுட்பம். ரேடியோ நிரல் இருந்தது '/யூஎஸ்ஆர்/எஸ்பின்' அடைவில். ஜாவாஸ்கிரிப்ட் கேட்டது '/யூஎஸ்ஆர்/பின்' அடைவில். இடம் வேறு என்பதால் டிபிகேஜி ஒன்றும் சொல்லாது. ஆனால் கட்டளையை எந்தெந்த அடைவில், எந்த வரிசையில் தேடுவது என்று, நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் ஷெல்லிடம் ஒரு பட்டியல் உண்டு. முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின் பட்டியலில் எஸ்பின் முன்னால் வரும், சாதாரணப் பயனரின் பட்டியலில் எஸ்பின் இருக்கவே இருக்காது. ஆகவே ஒரே கணினியில், ஒரே சொல்லை அடித்தால் ரூட்டுக்கு ரேடியோ திறக்கும், மற்றவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் திறக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இயந்திரத்தின் கண்ணில் படாத இந்த மோதலையும் பிடிக்கத்தான் கொள்கை விதி வெறும் கோப்புப் பெயரைப் பற்றிப் பேசுகிறது.

பேச்சு நீண்டுகொண்டே போனது. ரேடியோ பக்கத்தின் வாதம் எளிமையானது: நிலையங்கள் ஆளில்லாத இடங்களில் ஓடுகின்றன, பெயர் திடீரென்று மாறினால் போய்ச் சரிசெய்ய ஆளில்லை. பொழுதுபோக்குக்காரர்களுக்காக இத்தனை பிடிவாதமா என்று கேட்டவர்கள் உண்டு. நான் அப்படிக் கேட்கமாட்டேன். அந்த வாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கைப்பேசியில் சிக்னல் இல்லை. செய்தி சொல்ல வழியில்லாமல் இருந்தவர்களுக்கு, கோபுரமும் கேபிளும் இல்லாமல் பேசும் ஒரு வானொலியின் மதிப்பு தெரியும்.

2012 ஜூலையில் டெபியனின் தொழில்நுட்பக் குழு முடிவு சொன்னது. ரேடியோ நிரல் 'ஏஎக்ஸ்25-நோட்' ஆனது, பழைய நிலையங்கள் உடையாதபடி பழைய பெயரிலிருந்து ஒரு இணைப்பும் கிடைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் 'நோட்ஜேஎஸ்' ஆனது. வெறும் 'நோட்' வேண்டும் என்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன பேக்கேஜ். இரண்டு பேரும் பெயரை மாற்றினார்கள்! பின்னால் வந்த வெளியீடுகளில் நோட் என்ற பெயர் ஜாவாஸ்கிரிப்டுக்கே வந்து சேர்ந்தது, ஆனால் பழையவர்களுக்கு மாறிக்கொள்ள நேரம் கொடுத்த பிறகுதான்.

டெபியன் களஞ்சியத்தில் இன்று 60,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. இந்தப் பஞ்சாயத்தையெல்லாம் பேசித் தீர்ப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனின் மேல் கட்டியதுதான். அரசுப் பணம் பாஸுக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சி. அதில் ஒரு பங்கு அடித்தளத்தைப் பராமரிப்பவர்களுக்கும் போக வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் செய்து மூலையில் போடும் புராஜெக்டுகளுக்குப் பதிலாக, ஒரு பேக்கேஜைப் பராமரித்தால் மதிப்பெண் என்று வைக்கலாம். பக்கத்து விழுப்புரத்திலேயே 2023 ஜனவரியில் டெபியன் ஆர்வலர்கள் கூடும் மினி டெப்கான்ஃப் நடந்தது. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

மாணவிக்கு: டெர்மினலில் 'டிபிகேஜி', ஒரு இடைவெளி, ஒரு கோடு, பெரிய எஸ், பிறகு '/யூஎஸ்ஆர்/பின்/பேட்கேட்' என்று அடியுங்கள். 'பேட்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, அந்தக் கோப்பின் முகவரியைக் காட்டும். இடப்பக்கம் இருப்பது பேக்கேஜின் பெயர், வலப்பக்கம் கோப்பின் பெயர். அப்புறம், உங்கள் ஹோம் அடைவுக்குள் '.லோக்கல்/பின்' என்று ஒரு அடைவு உருவாக்கி, அதில் 'பேட்' என்ற பெயரில் பேட்கேட்டுக்கு ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போடுங்கள். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால், பேட் என்றே கூப்பிடலாம். அது உங்கள் வீடு, டிபிகேஜி அங்கே எட்டிப் பார்க்காது.