கிளேஸ் என்றால் மெருகு அல்ல

மட்பாண்டக் கலை பற்றித் தமிழில் வரும் எதைத் திறந்தாலும் "மெருகூட்டப்பட்ட பாண்டம்" என்று இருக்கிறது. கண்காட்சி அறிவிப்பு, விற்பனைக் குறிப்பு, பயிற்சித் தாள் என எல்லாவற்றிலும், பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் பூச்சான கிளேஸுக்கு (glaze) இதுதான் பெயர். கணினி மொழிபெயர்ப்போ இன்னும் ஒரு படி கீழே போய் "படிந்து உறைந்த" என்கிறது. பெயரெச்சம் இருக்கிறது, பெயரைக் காணோம். "படிந்து உறைந்த மெல்லியதாகப் பூசவும்" என்று படிப்பவர் எதை எடுத்துப் பூசுவார்?

சொல்லின் வரலாறு சிறியது. ஆங்கிலத்தில் கண்ணாடியைக் குறிக்கும் 'கிளாஸ்' என்பதிலிருந்து பிறந்த வினை 'கிளேஸ்'. சன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவதும் அதே வினைதான். ஜெர்மானியர் 'கிளாசூர்' என்பார்கள். அதன் வேரும் கண்ணாடியே.

பொருளும் அதுவே. மண்ணின் மேல் உருகி ஒட்டிய மெல்லிய கண்ணாடிப் படலம்தான் கிளேஸ். கண்ணாடியாக மாறுவது மணலில் இருக்கும் சிலிக்கா. ஆனால் அது தனியாக உருக ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும், எந்தக் கலைக்கூடச் சூளையும் அங்கே போகாது. அதனால் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம், கால்சியம் கார்பனேட் போன்ற உருக்கிகளைச் சேர்த்து உருகுநிலையை இறக்குகிறார்கள். உருகியது வழிந்து ஓடாமல் பிடித்துவைக்கக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் தரும் அலுமினா உதவுகிறது. ஸ்டோன்வேர், அதாவது உயர்ந்த சூட்டில் கல்போல் இறுகச் சுடும் பாண்டம், செய்பவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் கலவை ஒன்று உண்டு. நூறு பங்கில் ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, கால்சியம் கார்பனேட் 20, கயோலின் 10. இதைத் தண்ணீரில் கரைத்து, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடித்து, முதல் சூடு கண்ட பாண்டத்தை முக்கி எடுத்து, 1,280 முதல் 1,300 டிகிரி வரை சுட்டால் தெளிந்த கண்ணாடி கிடைக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை இதில் எங்கும் இல்லை.

மெருகு என்பதோ ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். பொற்கொல்லர் நகைக்கு மெருகு போடுகிறார். மண்ணிலும் மெருகு உண்டு. பாதி காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் தேய்க்கும்போது, தட்டையான களிமண் துகள்கள் ஒரே வாக்கில் படுத்து ஒளியைத் திருப்புகின்றன. மேலே எதுவும் உருகவில்லை. அதனால்தான் மெருகிட்ட பானையைக் குறைந்த சூட்டில் சுடுகிறார்கள். 1,000 டிகிரியை நெருங்கினால் துகள்கள் சுருங்கி மினுமினுப்பு போய்விடும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் வழவழப்பு மெருகால் வந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த, சிறு கோடுகள் பதித்த ரௌலட்டட் பானை ஓடுகளின் பளபளப்பு நுண்ணிய களிமண் குழம்பால் வந்தது. இவற்றை "கிளேஸ் பாண்டம்" என்று எழுதுவதும் கிளேஸை "மெருகு" என்று எழுதுவதும் ஒரே தவறுதான். அப்படி எழுதினால் இரண்டாயிரம் ஆண்டுத் தொழில்நுட்ப வேறுபாடு ஒன்று மொழியிலிருந்தே அழிந்துபோகும்.

நடைமுறைக் கேடும் இருக்கிறது. மெருகிட்ட பானையில் நுண்துளைகள் திறந்தே இருக்கும். நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. முழுக்கக் கண்ணாடி பூசிய பானையில் அது நடக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குபவர் எதை நம்பி வாங்குவார்? ஈயம் கலந்த பூச்சு இதைவிடப் பெரிய ஆபத்து. சரியாக அமையாத ஈயப் பூச்சிலிருந்து புளியும் எலுமிச்சையும் ஈயத்தைக் கரைத்து உணவில் இறக்கும். கல்லால் தேய்த்து வரும் மெருகைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடி என்று சொன்னால்தான் "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்ற கேள்வியே எழும்.

இன்னொன்று, பளபளக்காத கிளேஸ். அலுமினா கூடுதலாக இருந்தாலோ, சூளை மெதுவாக ஆறி நுண்படிகங்கள் விளைந்தாலோ மேற்பரப்பு மங்கலாகும். இன்றைய கலைஞர்கள் பலர் விரும்புவது இதைத்தான். இதை "மங்கலான மெருகு" என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மெருகே ஒளிதான், அது எப்படி மங்கும்?

ஆகவே எழுத்தில் கண்ணாடிப் பூச்சு என்பதே சரி. பொருளையும் சொல்கிறது, எப்படி அமைகிறது என்றும் சொல்கிறது. "ஒளி ஊடுருவாத கிளேஸும் உண்டே" என்பார்கள். வெள்ளீய ஆக்சைடையோ சிர்கானையோ சேர்த்தால் ஒளி புகாது, ஆனாலும் அது கண்ணாடிதான். "சுடும் முன் வெறும் பொடியாகத்தானே இருக்கிறது" என்பார்கள். அதற்குச் சுடாத பூச்சு என்று சொன்னால் போதும். பளிங்குப் பூச்சு என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. பழந்தமிழில் பளிங்கு படிகக்கல்தான், ஆனால் இன்றைய வாசகர் சலவைக்கல்லை நினைப்பார்.

பேச்சில் கிளேஸ் என்றே இருக்கட்டும். 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பின் அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் கலை வேரூன்றியது. "கிளேஸ் ஓடிடுச்சு" என்றால் பட்டறையில் எல்லாருக்கும் விளங்கும். பீங்கானே பாரசீகத்திலிருந்து வந்த சொல், அதை யாரும் துரத்தவில்லை. தவறான தமிழ்ச் சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல். சூளைப் பக்கம் போகாமல் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஏற்க மறுப்பதுதான் சிக்கல்.

கண்ணாடி என்று பிடித்துக்கொண்டால் குறைகளின் பெயர்களும் தாமாக அமையும். ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகம் சுருங்கினால் வலைபோல் கீறல் விழும். அது பூச்சுக் கீறல், சிலிக்காவைச் சிறிது கூட்டினால் குறையும். தூசியோ எண்ணெயோ இருந்த இடத்தில் உருகும்போது பூச்சு விலகி மண் தெரிந்தால் அது பூச்சு விலகல். உச்சச் சூட்டில் 15 நிமிடம் நிறுத்தாமல் இறக்கியதால் வாயுக் குமிழ் உடைந்து மூடாமல் நின்றால் அது ஊசித்துளை. அடிப்பாகத்தில் 3 மில்லிமீட்டர் துடைத்து விடாமல் சூளையில் வைத்து, பாண்டம் தட்டோடு ஒட்டிக்கொண்டால் அது பூச்சு வழிதல்.