சுழல மறுக்கும் ஸ்டார்ட்டர்: பழுது மோட்டாரிலா, ஒயரிலா?

சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு, படகின் அவுட்போர்டு எஞ்சின் அசையாமல் நின்றால், பலரும் முதலில் கழற்றுவது, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான். கடல்நீரிலும் உப்புக்காற்றிலும் உழைக்கும் எஞ்சினில் மோட்டாரைவிட, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் பாதையே முதலில் கெடக்கூடும் என்பதால், ஸ்பேனரை எடுக்குமுன் மல்டிமீட்டரை எடுப்பது நல்லது.

மோட்டார் சுழலும்போது அதன் ஆர்மேச்சர் எனும் சுழலும் பகுதியின் சுருள்களில், பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு எதிரான ஒரு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. சுருளின் மிகச் சிறிய மின்தடை மட்டுமே உண்டு. ஆகவே தொடக்கக் கணத்தில் நூறு ஆம்பியரையும் தாண்டி மின்னோட்டம் பாயக்கூடும். சுழலாமல் இறுகிய மோட்டாருக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் சுருள் கருகுவதும் இதனால்தான். ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்காமல், இடையில் சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும்.

இவ்வளவு மின்னோட்டம் பாயும் இடத்தில் டெர்மினலில் படியும் பச்சைக் களிம்பு சிறிய விஷயமன்று. அங்கே 0.01 ஓம் மின்தடை இருந்தாலே, 100 ஆம்பியர் பாயும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைந்து, 100 வாட் வெப்பமாக மாறுகிறது. எஞ்சின் ஓடாதபோது ஒயரின் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால், ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சிய ஒயர்கூட 12.6 வோல்ட் என்றே காட்டும். பலரை ஏமாற்றும் அளவீடு இது.

எனவே சுமையுள்ளபோதுதான், அதாவது மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கும்போதுதான், சோதிக்க வேண்டும். புரொப்பெல்லருக்கு அருகில் யாரும் இல்லை என்பதையும், எஞ்சின் கிளம்பி ஓடிவிடாதபடி, தீப்பொறி தரும் இக்னிஷன் துண்டிக்கப்பட்டிருப்பதையும் உறுதி செய்துகொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முளையிலும் மற்றொன்றை மோட்டாரின் டெர்மினலிலும் வைத்து, உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். சுமார் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது அந்தப் பாதையில்தான். அது ஒயரா, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சொலினாய்டா என்பதைப் பகுதி பகுதியாக அளந்து கண்டுபிடிக்கலாம். இதையே நெகட்டிவ் முளைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே செய்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் முளைகளுக்கு இடையே அப்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் விடுவித்து, மோட்டாரைக் கழற்ற வேண்டும். நிரந்தரக் காந்தம் கொண்ட மோட்டாராயின் அதன் உடலைச் சுத்தியலால் தட்டுவதோ வைஸில் இறுக்குவதோ கூடாது. உள்ளே ஒட்டியுள்ள பீங்கான் வகைக் காந்தம் விரிசல் விட்டுவிடும். கார்பன் பிரஷ்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தால், ஸ்பிரிங் அவற்றை, ஆர்மேச்சரோடு சுழன்று சுருள்களுக்கு மின்சாரம் கடத்தும் கம்யூட்டேட்டரின் மீது போதிய அழுத்தத்துடன் அழுத்தாது. கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகளை நயமான உப்புத்தாளால் துடைக்கலாம்; எமரித்தாளின் துகள்கள் பட்டைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பதே வழக்கம். எந்தப் பட்டைக்கும் ஆர்மேச்சரின் தண்டுக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டினால், அந்த ஆர்மேச்சர் ஷார்ட் ஆகிவிட்டது.

மோட்டார் மட்டும் 'விர்' என்று சுழன்று எஞ்சினைத் திருப்பாவிட்டால், பார்க்க வேண்டியது, மோட்டாரின் தண்டிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனை. பெண்டிக்ஸ் வகையில், தண்டு திடீரெனச் சுழலும்போது, நிலைமத்தால் பின்தங்கும் பினியன் திருகுப்பள்ளங்களில் மேலேறி, எஞ்சினின் கனத்த சுழல்சக்கரமான ஃப்ளைவீலின் பல்சக்கரத்தைப் பிடிக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஃப்ளைவீலின் வேகம் அதைக் கீழே தள்ளிவிடுகிறது. அந்தப் பள்ளங்களில் கெட்டியான கிரீஸ் பூசினால், அது தூசியோடு சேர்ந்து பினியனை நகரவிடாது. சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் சில துளிகள் விட்டாலே போதும்.

திரும்பப் பொருத்துகையில், மோட்டாரின் உடலே எர்த் பாதையாக (மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவ் முளைக்குத் திரும்பும் பாதையாக) இருக்கும் எஞ்சின்களில், அது எஞ்சினோடு பொருந்தும் முகப்பைப் பளபளக்கச் சுரண்டிவிட்டு, போல்ட்டுகளை இறுக்கிய பிறகே அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டும்.