குடல் நகர, தளரவும் வேண்டும்

1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியலாளர்கள் ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, குடலுக்குள் ஒரு பொருளை வைத்துப் பார்த்தார்கள். அதற்கு மேலே, வாய்ப்பக்கம், குடல் இறுகியது. கீழே தளர்ந்தது. பொருள் தானாகக் கீழிறங்கியது. மூளைக்கு இதில் வேலையே இல்லை. குடல்சுவரின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே விரிந்திருக்கும் நரம்பு வலையே பார்த்துக்கொண்டது.

சுருங்கும் தாளம் மட்டும் வேறிடத்திலிருந்து வருகிறது. இரைப்பை, குடல் சுவர்களில் இருக்கும் கஹால் செல்கள் எனப்படுபவை இரைப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மின்னலைகளையும், சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12 அலைகளையும் எழுப்புகின்றன. அலை வந்தாலே தசை சுருங்கிவிடாது. நரம்பும் தூண்டினால்தான் சுருங்கும்.

சாப்பிட்டதும் குடல் உணவை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் அங்கங்கே இறுகி, தளர்ந்து, உணவைக் கலக்கிக்கொண்டிருக்கும். வயிறு காலியானபின் ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு பேரலை இரைப்பையில் கிளம்பி, மிச்சம் மீதியைத் துடைத்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிவரை போகும். பசியில் வயிறு கடமுடா என்பதில் இந்தத் துப்புரவுப் பணிக்கும் பங்குண்டு. அடுத்த வாய் சாப்பிட்டால் அது நின்றுவிடும்.

மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள் குலைப்பது இந்த ஒழுங்கைத்தான். குடல் அசையாமல் கிடப்பதில்லை. இருந்த இடத்திலேயே இறுகும், முன்னே தள்ளாது. நீர் உறிஞ்சப்பட்டு மலம் கட்டிப்படும். நாள்பட, வலிக்கு எதிரான மருந்தின் வீரியம் குறைந்தாலும் மலச்சிக்கல் மட்டும் லேசில் விடாது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு இதே வழியில்தான் வேலை செய்கிறது. சரியான அளவில் எடுத்தால் மூளையை எட்டாது என்பதே வித்தியாசம்.

வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு "காற்று பிரிந்ததா?" என்று மருத்துவர் கேட்பது சும்மா இல்லை. கைபட்ட குடல் சில நாட்கள் முடங்கும். கடைசியாக எழுவது பெருங்குடல். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் முடங்கும். நீண்டகால நீரிழிவில் சிலருக்கு நரம்பு கெட்டு, இரைப்பை காலியாகத் தாமதமாகும்.

எனக்கு விசித்திரமாகப் படுவது ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். கருவில் குடலின் நரம்பு செல்கள் மேலிருந்து கீழாக இடம்பெயர்கின்றன. சில குழந்தைகளில் கடைசிப் பகுதியை எட்டாமலேயே நின்றுவிடுகின்றன. நரம்பில்லாத அந்தத் துண்டு தொய்ந்து கிடக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை, தளரச்சொல்ல ஆளில்லாமல் இறுகியே நிற்கும். பிறந்து 48 மணி நேரமாகியும் குழந்தை முதல் மலம் கழிக்காவிட்டால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, நரம்புள்ள குடலைக் கீழே இழுத்து இணைப்பதுதான் சிகிச்சை.