வின்செஸ்டரின் முழங்கால்

"கௌபாய் படங்களில் துப்பாக்கிக்கு அடியில் இருக்கும் வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கிறார்கள், உடனே அடுத்த தோட்டா தயார். இவ்வளவு லேசாகத் திறக்கிற கதவு, உள்ளே மருந்து வெடிக்கும்போது மட்டும் ஏன் திறந்துகொண்டு விரலை உடைப்பதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களைக்கூட இந்தக் கேள்வி ஒரு மாலை முழுக்கப் பேச வைத்துவிடும்.

நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோருக்கும் தெரியும். குண்டை முன்னே தள்ளும் வாயு, தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பின்னேயும் தள்ளுகிறது. இந்த வகைத் துப்பாக்கியான 1873 மாடல் வின்செஸ்டரின் தோட்டாவில் இருப்பது 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் கருமருந்துதான். அது வெடிக்கும் கணத்தில் பின்னால் வரும் விசை அரை டன்னுக்குக் குறையாது. அதைத் தாங்குவது போல்ட் என்ற இரும்புத் தண்டு. அந்த போல்ட்டைத் தாங்குவது எது?

துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் இரண்டு பக்கத் தகடுகளும் கையோடு வந்துவிடும். உள்ளே பக்கத்துக்கு ஒரு ஜோடியாகச் சின்ன இணைப்புத் தண்டுகள் தெரியும். ஜோடியில் ஒன்று போல்ட்டோடும் இன்னொன்று துப்பாக்கியின் உடலோடும் இணைந்திருக்கும், நடுவே ஒரு மூட்டு. வளையம் மூடியிருக்கும்போது இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். தலையில் அரிசி மூட்டையோடு முழங்காலை நேராக வைத்து நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எவ்வளவு எடை ஏற்றினாலும் தாங்குவார், பின்னாலிருந்து முழங்காலில் லேசாகத் தட்டினால் மடங்கிவிடுவார். வெடிப்பின் விசை தண்டுகளின் நீளவாக்கில் வருவதால் மூட்டைப் பக்கவாட்டில் நகர்த்த அதில் எதுவும் மிச்சமில்லை. உங்கள் விரலோ வளையத்தின் வழியாக மூட்டைப் பக்கவாட்டில்தான் இழுக்கிறது.

கணக்கு இதைவிட அழகு. தண்டுகளின் நடு மூட்டினை 1 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். தண்டுகள் ஒவ்வொன்றும் நேர்கோட்டிலிருந்து 45 பாகை விலகியிருந்தால் போல்ட்டுக்குக் கிடைப்பது அரைக் கிலோதான். 5 பாகையில் அது 5.7 கிலோ ஆகிறது. 1 பாகையில் 28 கிலோவைத் தாண்டுகிறது. நேர்கோட்டை நெருங்க நெருங்க விசை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் கூடு கொஞ்சம் அழுக்காகவோ இறுக்கமாகவோ இருந்தாலும், வளையத்தை மூடும் கடைசி நொடியில் தோட்டா குழலுக்குள் 'க்ளக்' என்று போய் உட்கார்ந்துவிடுகிறது.

மற்ற வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். வளையம் முன்னே போகும்போது மூட்டு மடங்குகிறது, போல்ட் பின்வாங்கி, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பின்னே சாய்க்கிறது, ஒரு கொக்கி காலிக்கூட்டை இழுக்கிறது. கடைசியில் ஒரு பித்தளைக் கட்டை லிஃப்ட் மாதிரி மேலே எழும்பிக் காலிக்கூட்டைத் தட்டிவிட்டு, தன்மேல் உட்கார்ந்திருக்கும் புதுத் தோட்டாவைக் குழலுக்கு நேரே நிறுத்துகிறது. அந்தக் கட்டையின் நீளமும் தோட்டாவின் நீளமும் ஒன்று. தோட்டா கொஞ்சம் குட்டையாக இருந்தால் வரிசையில் அடுத்துக் காத்திருக்கும் தோட்டா பாதி நுழைந்துவிடும், கட்டை எழும்பாது, துப்பாக்கி அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

இந்த முழங்காலை வின்செஸ்டர் கண்டுபிடிக்கவில்லை. ஆலிவர் வின்செஸ்டர் அடிப்படையில் சட்டை தயாரித்து விற்ற முதலாளி. அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றியின் 1860ஆம் ஆண்டு ரைஃபிளிலேயே அது இருந்தது. பிறகு ஹைராம் மாக்சிம் அதே மூட்டைத் தன் இயந்திரத் துப்பாக்கிக்குள் வைத்தார். இன்று பிளாஸ்டிக் நாற்காலி வார்க்கும் பல இயந்திரங்களில் அச்சை இறுக்கிப் பிடிப்பதும் இதே மூட்டுதான்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. மொத்த விசையும் மூட்டுகளைக் கோத்திருக்கும் மெல்லிய ஊசிகள் வழியாகவே உடலுக்குப் போகிறது. பெரிய தோட்டாவுக்கு அது போதவில்லை. வின்செஸ்டரின் 1886 மாடலில் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் இந்த மூட்டினை விட்டுவிட்டு, போல்ட்டையும் உடலையும் பூட்டுவதற்கு மேலும் கீழும் நகரும் இரண்டு கனத்த இரும்புக் கட்டைகளை வைத்தார். பொறியியலாகப் பார்த்தால் அதுதான் சிறந்தது. ஆனாலும் தகட்டைக் கழற்றிப் பார்த்து ரசிக்க 1873தான் என் கட்சி.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது தேய்மானத்தைத்தான். மூட்டின் ஊசிகள் தேய்ந்திருந்தால் மூடிய போல்ட்டில் ஆட்டம் தெரியும். பழைய துப்பாக்கியைப் பளபளவென்று மெருகேற்றி விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 2014இல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடி ஒரு 1873 கிடைத்தது. மரப்பிடி வெளுத்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. அதைப் புதிதாக்காமல், மேலும் சிதையாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். வயோமிங்கில் கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணை வைத்துத் தேடியதில் அது 1882இல் கிடங்கை விட்டுப் போனது என்று தெரிந்தது. வாங்கியவர் பெயர் அதில் இல்லை. உடனே இணையத்தில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அந்த ஒரு வருடத்தைக்கூட நமக்குச் சொன்னது யாரோ தூக்கி எறியாமல் வைத்த கணக்குப் புத்தகம். ஆனால் அருங்காட்சியகங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது இந்த மாதிரி வேலையையும் மறந்துவிடக் கூடாது.

விசித்திரம் என்னவென்றால், பலமில்லை என்று ஒதுக்கப்பட்ட மூட்டு இப்போது விளையாட்டில் மறுபடி ஜெயிக்கிறது. அமெரிக்காவில் கௌபாய் உடையணிந்து இரும்புத் தட்டுகளைச் சுடும் போட்டிகள் நடக்கின்றன. மருந்து குறைவான தோட்டாக்கள் என்பதால் பலம் தேவையில்லை, வேகம்தான் முக்கியம். பலர் கையில் இருப்பது இத்தாலியில் செய்த 1873 நகல். அதிலும் இணைப்புத் தண்டுகளின் அளவை மாற்றி, வளையம் போக வேண்டிய தூரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நெம்புகோல் விதி சும்மா விடுமா? தூரம் குறைந்த அளவுக்கு விரலில் பாரம் கூடுகிறது, அதனால் வளையத்தில் தோல் சுற்றிக்கொள்கிறார்கள்.